படுக்கையறைக் கதவும் பேஷ்வாவின் ஆணிகளும்

போன மாதம் எங்கள் குடியிருப்பில், இரண்டாவது மாடியில் ஒரு திருட்டு. பட்டப்பகல், பதினொன்றரை மணி. வீட்டுக்காரர் அலுவலகம் போய்விட்டார், அம்மணி பிள்ளைக்குச் சாப்பாடு கொடுக்கப் பள்ளிக்கூடம் வரை போயிருக்கிறார். நாற்பது நிமிடத்தில் திரும்பி வந்தால் வாசல் கதவு சாத்தினாற்போல் இருக்கிறது, தொட்டால் திறக்கிறது. படுக்கையறைக் கதவு பிளந்து கிடக்கிறது. பீரோ காலி. எதிர் வீட்டுக் கதவையும் பக்கத்து வீட்டுக் கதவையும் வந்தவர்கள் வெளிப்பக்கம் தாழ் போட்டு வைத்திருந்தார்கள். சத்தம் கேட்டாலும் யாரும் வெளியே வர முடியாது அல்லவா? எதிர்வீட்டுப் பாட்டி உள்ளே இருந்தபடியே கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

போலீஸ் வந்து பார்த்தபோது நானும் போய் எட்டிப் பார்த்தேன். எனக்கு வியப்பாக இருந்தது ஒரே ஒரு விஷயம்தான். பூட்டு பூட்டியபடியே இருந்தது! நாலாயிரம் ரூபாய் பூட்டு, ஒரு கீறல் இல்லை. அதன் நாக்கு போய் உட்காரும் தகடு மட்டும் நிலையிலிருந்து மரத்தோடு பிய்ந்து கீழே கிடந்தது. திருடன் பூட்டைத் தொடவே இல்லை.

அன்று இரவே தங்கமணி தீர்மானம் நிறைவேற்றிவிட்டார். "நம்ம பீரோ இருக்கிற ரூம் கதவை மாத்தணும். கெட்டி மரம், உள்ளேயும் வெளியேயும் பூட்டு, இரும்புத் தகடு. நீங்க பாட்டுக்கு ஆடிட்டுன்னு நாலு நாள் நாக்பூர் போயிடறீங்க. நானும் பொண்ணும் அத்தையும் தனியா இருக்கோம். யாராவது உள்ளே வந்துட்டா நாங்க மூணு பேரும் அந்த ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கலாம்."

நியாயமான பேச்சு. மறுப்பதற்கு ஒன்றும் இல்லை. அம்மா மட்டும் சாப்பிட்டுக்கொண்டே, "அந்தக் கதவாடா?" என்று கேட்டார். வேறு எதுவும் சொல்லவில்லை. அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தச்சர் வந்தார். புனேயில் அவர்களை மிஸ்திரி என்போம். அறுபது வயதிருக்கும். கதவை ஆட்டிப் பார்த்தார், நிலையில் விரலால் தட்டிப் பார்த்தார், தாழ்ப்பாள் தகட்டின் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். அரை அங்குலம்! "சாப், எத்தனை பெரிய பூட்டு போட்டாலும் அதைப் பிடித்துக்கொண்டிருப்பது இதுதான்" என்றார் ஹிந்தியில். இருபத்திரண்டு வருடமாக வங்கியில் குப்பை கொட்டுகிறேன், இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அந்த ஸ்க்ரூ இன்னும் என் சட்டைப் பையில் இருக்கிறது. அது கிளப்பிவிட்ட யோசனைதான் இந்தப் பதிவு.

படுக்கையறை எப்போது கஜானா ஆனது?

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கொள்கிறேன். நான் பிறந்து வளர்ந்தது திண்டுக்கல். எண்பதுகளில் எங்கள் தாத்தா வீட்டில் தெருக் கதவு ஒன்றுதான் கதவு என்று சொல்லத் தகுந்தது. நிலையே அரை அடி கனம். இரவு ஒன்பது மணிக்கு மேல்தாழ், கீழ்தாழ், நடுவில் சங்கிலி, அதற்கும் மேலே ஒரு குறுக்குக் கட்டை. கட்டையின் இரண்டு முனையும் நிலையில் மாட்டாது, சுவரில் விட்டிருக்கும் குழிக்குள் போய் உட்காரும். வெளியிலிருந்து எத்தனை பேர் மோதினாலும் அந்த மோதலைச் சுவர்தான் வாங்கிக்கொள்ள வேண்டும், தாழ்ப்பாள் அல்ல. அந்தக் காலத்து ஆசாரிகள் மெக்கானிக்ஸ் படித்ததில்லை, ஆனால் விஷயம் தெரிந்தவர்கள்.

உள்ளே இருந்த அறைகளுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. இருந்தாலும் யாரும் போடமாட்டார்கள். கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்துப் படுத்த குடும்பம். நகை, பத்திரம் எல்லாம் உள் அறையில் ஒரு டிரங்குப் பெட்டியில், அதில் ஒரு மாங்காய்ப் பூட்டு. எங்கள் ஊர்ப் பூட்டு. கையால் அடித்து, கையாலேயே அராவி, ஒவ்வொன்றுக்கும் தனியாகச் சாவி செய்வார்கள். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிடைத்தபோது செய்வதற்கு ஆள் குறைந்துவிட்டது என்பது வேறு கதை. இயந்திரத்தில் செய்து குறைந்த விலைக்கு வரும் அலிகார் பூட்டோடு கைவேலை எத்தனை நாள் போட்டி போடும்?

பிறகு வீட்டுக்குள் வந்தது இரும்பு பீரோ. கோத்ரெஜ் 1923-ல் பம்பாயில் இரும்பு அலமாரி செய்ய ஆரம்பித்தது. அது பணக்காரர் வீட்டிலிருந்து நடுத்தர வீட்டுக்கு இறங்கிவந்து, கல்யாணச் சீர்வரிசையில் கட்டில், மெத்தையோடு ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. சீராக வந்தது புது ஜோடியின் அறைக்குத்தானே போகும்? அப்படித்தான் வீட்டின் கஜானா கூடத்தை ஒட்டிய உள் அறையிலிருந்து படுக்கையறைக்கு இடம் மாறியது. நகரத்தில் ஃப்ளாட் கட்ட ஆரம்பித்தபோது கட்டுபவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. அவர்களைப் பொறுத்தவரை படுக்கையறைக் கதவு ஒரு மறைப்பு, அவ்வளவுதான். இரண்டு மெல்லிய பலகைக்கு நடுவே பாதி காலியாக இருக்கும் ஃப்ளஷ் கதவு, அதில் ஒரு டவர் போல்ட், அரை அங்குல ஸ்க்ரூ. திருடனுக்கு இது நன்றாகத் தெரியும். அவன் வீட்டுக்குள் நுழைந்ததும் வேறெங்கும் தேடுவதில்லை, நேராகப் படுக்கையறைதான்.

ஆக, நாம் கஜானாவை மாற்றினோம், கதவை மாற்றவில்லை. இதுவரை தங்கமணி கட்சிக்குத்தான் வெற்றி.

லண்டன் கடைக் கண்ணாடியில் ஒரு சவால்

பூட்டு என்ற சாமானை மனிதன் எவ்வளவு நம்பினான் என்பதற்கு லண்டனில் ஒரு நல்ல கதை இருக்கிறது. ஜோசப் பிராமா என்பவர் 1784-ல் ஒரு பூட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். பிக்காடிலி தெருவில் இருந்த தன் கடையின் கண்ணாடி ஜன்னலில் அதைத் தொங்கவிட்டு, சாவி இல்லாமல் இதைத் திறக்கும் கருவியைச் செய்பவருக்கு 200 கினி பரிசு என்று எழுதி வைத்தார். பிராமா 1814-ல் இறந்துபோனார். பூட்டு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அறுபது வருடத்துக்கும் மேல் யாராலும் திறக்க முடியவில்லை.

இதற்கு நடுவில் 1817-ல் போர்ட்ஸ்மவுத் கப்பல் துறையில் கள்ளச் சாவி போட்டு ஒரு திருட்டு நடந்தது. சொந்தச் சாவியைத் தவிர வேறெதற்கும் திறக்காத பூட்டு வேண்டும் என்று அரசாங்கம் போட்டி வைத்தது. ஜெரமையா சப் 1818-ல் 'டிடெக்டர்' பூட்டு என்று ஒன்றைக் கொண்டுவந்தார். இதில் என்ன விசேஷம் என்றால், யாராவது கம்பியை விட்டு நோண்டினால் உள்ளே ஒரு லீவர் எகிறி மாட்டிக்கொள்ளும். அடுத்த முறை சொந்தக்காரர் சாவி போட்டால் திறக்காது. யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். திருட்டைத் தடுப்பதோடு, முயற்சி நடந்ததையும் பதிவு செய்யும் பூட்டு. எங்கள் பாஷையில் சொன்னால் ஆடிட் டிரெயில்! பூட்டுவேலை தெரிந்த ஒரு கைதியிடம் அதைக் கொடுத்து, திறந்தால் விடுதலை என்றார்கள். இரண்டு மூன்று மாதம் மல்லுக்கட்டிவிட்டு அவர் கைவிட்டுவிட்டார்.

பிறகு 1851 வந்தது. லண்டனில் மாபெரும் கண்காட்சி. அமெரிக்காவிலிருந்து ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ் என்ற பூட்டுக்காரர் வந்து இறங்கினார். சப் பூட்டை 25 நிமிடத்தில் திறந்தார். பிராமா கடை ஜன்னல் பூட்டுக்கு 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் எடுத்துக்கொண்டார். ஆனால் திறந்துவிட்டார். 200 கினியும் வாங்கிக்கொண்டார். பத்திரிகைகளில் ஒரே கூச்சல். இப்படிப் பலவீனத்தை ஊரறியச் சொல்லலாமா, திருடனுக்குப் பாடம் எடுப்பது போல் ஆகாதா என்று. ஹாப்ஸின் வாதம் எளிமையானது. திருடனுக்கு ஏற்கெனவே தெரியும், தெரியாமல் இருப்பது வீட்டுக்காரனுக்குத்தான்.

எங்கள் மிஸ்திரி சொன்னதும் ஏறக்குறைய அதேதான்.

ஆனால் அந்த 51 மணி நேரத்தை இன்னொரு மாதிரியும் பார்க்கலாம். நிபுணருக்கே, யாரும் தொந்தரவு செய்யாமல், தினமும் வந்து உட்கார்ந்து வேலை பார்த்தும் 51 மணி நேரம். எந்தத் திருடனுக்கு அவ்வளவு அவகாசம் கிடைக்கும்? தோற்ற பூட்டும் நல்ல பூட்டுதான். திறக்கவே முடியாது என்ற வார்த்தைதான் பொய்.

பம்பாயில் ஒரு வக்கீல்

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். ஆர்தேஷிர் கோத்ரெஜ் வக்கீலுக்குப் படித்தவர். அந்தத் தொழில் ஒத்துவராமல் விட்டுவிட்டு, மெர்வான்ஜி காமா என்ற குடும்ப நண்பரிடம் கடன் வாங்கி அறுவை சிகிச்சைக் கருவிகள் செய்து பார்த்தார். வாங்க இருந்தவர் இந்தியத் தயாரிப்பு என்று பொறிக்கச் சம்மதிக்கவில்லை, ஆர்தேஷிர் அந்தப் பெயரை விட்டுக்கொடுக்கவில்லை. தொழில் படுத்துவிட்டது. அடுத்தது என்ன என்று இருந்த நேரத்தில் பம்பாயில் வீடு புகுந்து திருடுவது பெருகிவிட்டதாகப் பத்திரிகையில் படித்தார் என்று சொல்வார்கள். 1897-ல் லால்பாக்கில் ஒரு கொட்டகையில் பூட்டு செய்ய ஆரம்பித்தார். 1902-ல் இரும்புப் பெட்டகம். முதல் பொதுத்தேர்தலுக்கு 1951-ல் லட்சக்கணக்கில் வாக்குப்பெட்டிகள் செய்து கொடுத்ததும் அதே கம்பெனிதான்.

ஒரு தொழில் தோற்று, அடுத்ததற்கும் ஆளை நம்பிப் பணம் கொடுத்த காமாவைத்தான் நான் அதிகம் நினைப்பதுண்டு. இன்றைக்கு என் மேஜைக்கு அப்படி ஒரு விண்ணப்பம் வந்தால் நான் கையெழுத்துப் போட்டிருப்பேனா என்று கேட்காதீர்கள்.

ஆக 1897-லேயே இந்தியாவில் நல்ல பூட்டு தயார். அதன் பிறகு லீவர் கூடியது, சிலிண்டர் வந்தது, கைரேகை வைத்தால் திறக்கும் பூட்டும் வந்துவிட்டது. நூற்றிருபது வருடத்துக்கு மேலாகப் பூட்டு வளர்ந்துகொண்டே இருக்கிறது. இரண்டாவது மாடியிலோ அரை அங்குல ஸ்க்ரூவில் எல்லாம் முடிந்துவிட்டது. அப்படியானால் தப்பு எங்கே?

பதில் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடத் தொலைவில் இருக்கிறது.

சனிவார் வாடா

புனேக்கு வரும் உறவினர்கள் எல்லாரையும் அழைத்துக்கொண்டு போய்க் காட்டும் இடம் சனிவார் வாடா. பேஷ்வாக்களின் மாளிகை. முதலாம் பாஜிராவ் காலத்தில் 1732-ல் கிருகப்பிரவேசம் நடந்தது. இத்தனை வருடத்தில் பத்துப் பதினைந்து தடவை போயிருப்பேன், டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டு வெளியே நிழலில் நிற்பதோடு சரி. இந்த முறை மிஸ்திரி கொடுத்த ஸ்க்ரூவைப் பையில் வைத்துக்கொண்டு தனியாகப் போனேன்.

வடக்குப் பக்கம் இருப்பது தில்லி தர்வாஜா. உலகத்திலேயே கெட்டியான கதவு வேண்டும் என்று கேட்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கதவிலும் வரிசைக்கு ஒன்பது, எட்டு வரிசை என்று 72 இரும்பு முட்கள். ஒவ்வொன்றும் ஒரு அடி நீளம். சரியாக யானையின் நெற்றி உயரத்தில் வைத்திருக்கிறார்கள். யானையை விட்டு முட்ட வைத்துக் கதவை உடைப்பதுதான் அன்றைய வழக்கம், அதற்குத்தான் இந்த ஏற்பாடு. பெரிய கதவை அடிக்கடி திறக்காமல் ஆள் போய்வர அதிலேயே ஒரு சின்ன வாசல். குனிந்து, தலையை முன்னால் நீட்டித்தான் நுழைய முடியும். மராட்டியில் அதற்குத் திண்டி தர்வாஜா என்று பெயர். நம் ஊர்க் கோட்டை, அரண்மனைகளில் திட்டிவாசல் என்று சொல்வோமே, அதேதான்.

இப்பேர்ப்பட்ட கதவுக்குப் பின்னால் 1773 ஆகஸ்ட் 30-ம் தேதி என்ன நடந்தது?

முந்தைய வருடம் நவம்பரில் மாதவராவ் பேஷ்வா இறந்ததும் அவருடைய தம்பி நாராயணராவ் பதவிக்கு வந்தார். அப்போது வயது பதினேழு. சித்தப்பா ரகுநாதராவுக்குப் பதவி மேல் ஆசை. அவரை அதே மாளிகையில் ஒரு பகுதியில் காவலில் வைத்திருந்தார்கள். மாளிகைக்குக் காவல் இருந்தவர்கள் கார்திகள் என்ற கூலிப்படை. அன்று பிள்ளையார் சதுர்த்திக் கொண்டாட்டத்தின் கடைசி நாட்கள். சம்பள பாக்கி கேட்டுக் கலகம் செய்வதுபோல் ஆரம்பித்து, சுமேர்சிங் என்பவன் தலைமையில் கார்திகள் உள்ளே புகுந்தார்கள்.

எந்த வழியாக? சதாராவில் பிரிட்டிஷ் அதிகாரியாக இருந்த கிராண்ட் டஃப் 1826-ல் வெளியிட்ட மராட்டியர் வரலாற்றில் இதை எழுதியிருக்கிறார். முள் வைத்த கதவு வழியாக அல்ல. ரகுநாதராவ் இருந்த பகுதிக்கு வேறாக ஒரு வாசல் வேண்டும் என்று கிழக்குப் பக்கம் சுவரை இடித்திருந்தார்களாம். வேலை முடியவில்லை. அந்தப் பாதி கட்டிய வாசல் வழியாக வந்தார்கள்.

தூங்கிக்கொண்டிருந்த நாராயணராவ் சத்தம் கேட்டு எழுந்து ஓடினார். எங்கே? சித்தப்பாவின் அறைக்கு. அவர் காலைக் கட்டிக்கொண்டு காப்பாற்றச் சொல்லிக் கெஞ்சினார். காப்பாற்றவில்லை. பதினெட்டு வயது முடிந்து மூன்று வாரம்கூட ஆகாத பையன். புனேயில் எந்த ஆட்டோக்காரரைக் கேட்டாலும் 'காக்கா, மலா வாச்வா' என்று அந்தப் பையனின் குரல் இன்னும் ராத்திரியில் கேட்பதாகச் சொல்வார். 'சித்தப்பா, என்னைக் காப்பாற்றுங்கள்' என்று அர்த்தம். பேயை விடுங்கள். அந்த மூன்று வார்த்தையை இருநூற்றைம்பது வருடமாக ஒரு ஊர் மறக்காமல் வைத்திருப்பதே எனக்குப் போதும்.

ரகுநாதராவ் எழுதிய கடிதத்தில் 'தராவே' என்று இருந்ததாம், பிடிக்கவும் என்று பொருள். அவர் மனைவி ஆனந்திபாய் அதில் ஒரு எழுத்தைத் திருத்தி 'மாராவே' ஆக்கினாராம், கொல்லவும் என்று பொருள். இது ஊர்க் கதை. ஆனால் எழுத்தைத் திரித்து அர்த்தத்தை மாற்றுவதற்கு 'த சா மா கர்ணே' என்று மராட்டியில் இன்றும் வழக்கு இருக்கிறது. நியாயாதிபதி ராம்சாஸ்திரி பிரபுணே ரகுநாதராவே குற்றவாளி என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு ஊரைவிட்டுப் போனது வரலாறு.

தெற்குப் பக்கம் ஒரு வாசல் இருக்கிறது. நாராயணராவின் உடலை அந்த வழியாகத்தான் கொண்டுபோனார்கள். அதற்கு இன்றும் நாராயண் தர்வாஜா என்றுதான் பெயர்.

1828-ல் மாளிகையில் தீப்பிடித்தது. பல நாட்கள் எரிந்தது என்கிறார்கள். மரத்தால் கட்டிய மாடிகள் எல்லாம் போயின. இப்போது உள்ளே போனால் புல்தரையும் அடித்தளக் கற்களும்தான். சுவர் நிற்கிறது. தில்லி தர்வாஜா, அதன் முட்கள் எல்லாம் அப்படியே நிற்கின்றன. கதவு பத்திரமாக இருக்கிறது, வீடுதான் இல்லை.

புல்தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். யானைக்கு முள் வைத்தார்கள், யானை வரவில்லை. வந்தது சம்பளம் வாங்கும் காவல்காரன், கட்டி முடிக்காத சுவர், சொந்தச் சித்தப்பா, பிறகு தீ.

வங்கியில் எப்படி?

எங்கள் ஸ்ட்ராங் ரூம் கதவைப் பார்த்தவர்கள் அதை உடைக்கவே முடியாது என்று நினைப்பார்கள். அதைச் செய்பவர்கள் அப்படிச் சொல்வதில்லை. பெட்டகங்களுக்கு அமெரிக்காவில் யூ.எல். என்ற தரச்சான்று இருக்கிறது. டி.எல்.15 என்றால் நிபுணர்கள் கருவிகளோடு முயன்றாலும் 15 நிமிடம் தாங்கும், டி.எல்.30 என்றால் 30 நிமிடம். பாதுகாப்பை நிமிடத்தில் அளக்கிறார்கள்! கதவின் வேலை தடுப்பது இல்லை, தாமதப்படுத்துவது. அந்த நேரத்துக்குள் அலாரம் அடித்து, யாராவது வந்து சேர வேண்டும். யாருமே வரப்போவதில்லை என்றால் எந்தக் கதவும் கொஞ்ச நேரத்துக்குத்தான்.

இரண்டாவது, கதவோடு நிறுத்துவதில்லை. சுவர், தரை, கூரை மூன்றும் கம்பி கட்டிய கான்கிரீட். இல்லாவிட்டால் கிழக்குப் பக்கச் சுவர் கதைதான்.

மூன்றாவது, ஒரு ஆள் கையில் முழுச் சாவி இருக்காது. இரண்டு அதிகாரிகள், ஆளுக்கொரு சாவி, இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். மாற்றுச் சாவி இன்னொரு கிளையில் இருக்கும். பேஷ்வாக்கள் தில்லி தர்வாஜாவுக்குச் செய்த செலவில் கொஞ்சத்தை இந்த மூன்றாவது விஷயத்துக்குச் செய்திருந்தால் வரலாறு எப்படிப் போயிருக்குமோ.

இதே மகாராஷ்டிராவில், அகமத்நகர் (இப்போது அகில்யாநகர்) மாவட்டத்தில் சனி சிங்கணாப்பூர் இருக்கிறது. சனீஸ்வரன் காவல் என்று வீடுகளுக்குக் கதவே வைக்காத ஊர். 2011-ல் யூகோ வங்கி அங்கே கிளை திறந்தது, பூட்டு இல்லாத வங்கி என்று பத்திரிகையெல்லாம் எழுதின. கண்ணாடிக் கதவும், ஊரார் மனம் நோகாமல் கண்ணுக்குத் தெரியாதபடி ஒரு மின்காந்தப் பூட்டும் இருந்தன. 2015-ல் அங்கே போலீஸ் நிலையமும் வந்தது. சனி பகவான் மேல் எனக்கும் பயபக்தி உண்டு. இருந்தாலும் வங்கிக்காரன் புத்தி எப்படி என்று பாருங்கள்.

அந்தக் கதவாடா?

இனி அம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டு பீரோ இருப்பது அம்மா படுக்கும் அறையில். இரண்டு வருடம் முன்னால் ஒரு விடிகாலை, அம்மா குளித்துவிட்டுப் புடவை மாற்ற உள்ளே போய்த் தாழ் போட்டார். வழக்கம்தான். அரைமணி ஆகியும் வெளியே வரவில்லை. கூப்பிட்டால் பதில் இல்லை. சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்திருக்கிறார், அது எங்களுக்கு அப்போது தெரியாது. நாங்கள் இருப்பது நாலாவது மாடி, ஜன்னலுக்குக் கம்பி. நான் தோளால் மோதிப் பார்த்தேன், தோள்தான் வலித்தது. எதிர் வீட்டு மராட்டிப் பையன், இஞ்சினியரிங் படிக்கிறவன், "அங்கிள், தள்ளுங்கள்" என்று சொல்லி, தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் காலால் இரண்டு உதை விட்டான். தகடு பிய்ந்து தெறித்தது. ஆஸ்பத்திரியில், கொஞ்சம் தாமதமாகியிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர்.

அன்று அந்தக் கதவு உடைந்ததால் அம்மா இருக்கிறார். பிறகு நானே ஒரு ஆளைக் கூப்பிட்டு அதே தகட்டை அதே மாதிரி அரை அங்குல ஸ்க்ரூ போட்டு மாட்டவைத்தேன். மறந்தும் போனேன். அம்மா மறக்கவில்லை.

தங்கமணி கேட்டதுபோல் கெட்டி மரமும் இரும்புத் தகடும் அன்று இருந்திருந்தால்? இந்தக் கேள்வியை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நான் கேட்டபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு தங்கமணிதான் கேட்டார். "சரி, அப்போ எங்களுக்கு என்ன வழி? அதையும் சொல்லுங்க." அதுவும் சரியான கேள்விதான். அம்மாவைக் காப்பாற்றிய அதே இரண்டு உதை, இரண்டாவது மாடி பீரோவையும் காலி செய்திருக்கிறது. உதைக்கும் கால் யாருடையது என்று கதவுக்குத் தெரியாதே.

மிஸ்திரியை மறுபடி வரவழைத்து, மூன்று பேரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம். பி.காம் படித்தவன் ஆகையால் வரவு செலவு போலவே எழுதுகிறேன்.

செலவு முழுவதும் வாசல் கதவுக்கு. பூட்டு பழையதுதான், அதை மாற்றவில்லை. நாக்கு போகும் இடத்தில் முக்கால் அடி நீள இரும்புப் பட்டை, மூன்று அங்குல ஸ்க்ரூ, நிலையைத் தாண்டிச் சுவருக்குள்ளேயே போகும்படி. கீல்களுக்கும் அதே. சுவருக்கும் நிலைக்கும் நடுவில் இருந்த சந்தை அடைத்தாயிற்று. உள்பக்கம் தாத்தா வீட்டு மாதிரி ஒரு குறுக்குக் கட்டை, ராத்திரிக்கும் தனியாக இருக்கும்போதும். அதற்குச் சுவரில் இரும்புக் கொண்டி அடித்தபோது மிஸ்திரி ரொம்ப சந்தோஷப்பட்டார், அவர் ஊரிலும் இதுதானாம். வெளிப்பக்கத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டோம், நம்மை உள்ளே வைத்துப் பூட்ட அது ஒன்றுதான் திருடனுக்கு உதவி. எங்களைப் பார்த்து நாலாவது மாடியில் எல்லாரும் கழற்றிவிட்டார்கள்.

பீரோவைச் சுவரோடு போல்ட் போட்டாயிற்று. நகை வங்கி லாக்கருக்குப் போய்விட்டது. லாக்கரில் வைத்துவிட்டால் கவலை இல்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2022 ஜனவரி முதல் அமலுக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, வங்கியில் தீயோ திருட்டோ நடந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரைதான். வாடகை இரண்டாயிரம் என்றால் இரண்டு லட்சம். அதற்கு மேல் இருந்தால் தனியாகக் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள். வங்கிக்காரனே சொல்கிறேன்.

அம்மா அறைக் கதவில் டவர் போல்ட்டை எடுத்துவிட்டு, குளியலறைக்குப் போடுவார்களே, அந்த மாதிரி ஒரு தாழ். உள்ளே திருகினால் சாத்திக்கொள்ளும். வெளியே ஒரு சின்னக் காடி இருக்கும், நாணயத்தை வைத்துத் திருப்பினால் திறந்துவிடும். மரம் பழைய மரம்தான்.

எதிர்வீட்டுப் பையனிடம் எங்கள் வீட்டுச் சாவி ஒன்று இருக்கிறது. அவர்கள் வீட்டுச் சாவி எங்களிடம். ஜாயின்ட் கஸ்டடி!

அம்மா அறை நிலைக்கு மேல் ஒரு ரூபாய் நாணயம் ஒன்றைத் தங்கமணி செல்லோடேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறார். பெண்ணுக்கும் எட்டுகிற மாதிரி ஸ்டூல் ஒன்று பக்கத்தில். போன வாரம் நான் நாக்பூர் கிளம்பும்போது அம்மா அந்த நாணயம் இருக்கிறதா என்று நிமிர்ந்து ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

டிஸ்கி: நான் பூட்டு வியாபாரி இல்லை, யாரும் எனக்கு ஒரு ஸ்க்ரூகூடச் சும்மா தரவில்லை. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் வாசல் கதவில் நாக்கு போய் உட்காரும் தகட்டின் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி எத்தனை நீளம் என்று மட்டும் பாருங்கள்.